பிரெஞ்சும் ஸ்பானிஷும் வாய் திறந்து படிக்க: யாழ்ப்பாண வகுப்பறைக்கு ஒரு விளையாட்டு வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் பிரெஞ்சு படிக்க வருகிறவர்கள் பலருடைய கைபேசியில் ஏற்கெனவே ஒரு வெளிநாட்டு முகவரி இருக்கும். பாரிஸுக்குப் பக்கத்து லா கூர்நெவில் சித்தப்பா, ஜெனீவாவில் அக்கா, மொன்றியலில் கட்டப்போகிற மாப்பிள்ளை. உயர்தரத்துக்குப் பாடமாக எடுக்கிற பிள்ளைகளும் உண்டு. ஸ்பானிஷுக்கு வருகிறவர்கள் வேறு ரகம்: சுற்றுலாத் தொழிலில் இருப்பவர்கள், இணையத்தில் வேலை பார்க்கிறவர்கள், பார்சிலோனா, ரியல் மாட்ரிட் என்று இரவிரவாக மட்ச் பார்க்கிற பெடியள்.

எல்லாருக்கும் பொதுவாக ஒரு கரைச்சல் இருக்கிறது. நோட்ஸ் எழுதுவதில் நாங்கள் கெட்டிக்காரர். வினைச்சொல் அட்டவணை முழுவதையும் ஒரே இரவில் பாடமாக்கிக்கொண்டு வந்துவிடுவோம். எழும்பி ஒரு வசனம் கதை என்றால் மட்டும், "ரீச்சர், நான் பிறகு சொல்லட்டே?"

ஆகவே இந்த வழிகாட்டியில் உள்ள எந்த விளையாட்டுக்கும் ஒரே அளவுகோல்தான்: வாய் திறக்காமல் அதில் வெல்ல முடியக்கூடாது. படத்துக்கு நிறம் தீட்டுவது, சொல் தேடும் கட்டம் நிரப்புவது எல்லாம் அமைதியான நல்ல பொழுதுபோக்கு, அவ்வளவுதான். பண்பாட்டுக்கும் இதே கதைதான். சுவரில் ஈபிள் கோபுரப் படம் ஒட்டினால் பண்பாடு வந்துவிடாது. பாரிஸில் ஒரு பாண் கடைக்குள் நுழைந்தவுடன் என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்தால் வரும்.

கீழே வருவது ஏ1 என்கிற தொடக்க நிலைக்கு, பதினைந்து இருபது பேர் இருக்கும் ரியூட்டரி (தனியார் கல்வி நிலைய) வகுப்பை மனதில் வைத்து எழுதியது.

படி 1: கரும்பலகையின் மூலையில் நான்கு வசனங்கள்

முதல் நாளே நான்கு வசனங்களைப் பலகையின் ஒரு மூலையில் எழுதி, தவணை முடியும்வரை அழிக்காமல் விடுங்கள். பிரெஞ்சில்: செ தா முவா (என்ரை முறை), ஆங்கோர் உன் ஃபுவா (இன்னொருக்கா), ப்ளூ லாந்த்மான், சில் வூ ப்ளே (கொஞ்சம் மெதுவாக), கோமான் தித்-ஓன் (இதற்கு எப்படிச் சொல்வது). ஸ்பானிஷில்: மே தோகா ஆ மீ, ஓத்ரா வேஸ், மாஸ் தெஸ்பாசியோ, கோமோ சே தீசே.

விளையாட்டுக்கு நடுவில் தமிழில் முறை கேட்டால் முறை போய்விடும். இந்த ஒரு விதியே பாதி வேலையைச் செய்துவிடும்.

நான் இங்கே தமிழ் எழுத்தில் எழுதியிருப்பது உங்களுக்காக. மாணவர் கொப்பியில் இதை அனுமதிக்க வேண்டாம். தமிழில் 'ப' என்ற ஒரே எழுத்துக்குள் இரண்டு ஒலிகள் இருக்கின்றன, 'ச'வுக்குள்ளும் அப்படித்தான். தமிழில் எழுதிவைத்த பிள்ளை மூன்று மாதம் கழித்துப் பார்க்கும்போது எந்த ஒலி என்று தெரியாமல் முழிக்கும்.

பொருட்களுக்குப் பெரிய செலவில்லை. பழைய கலண்டர் மட்டை, இரண்டு நிறச் சோக்கு, ஒரு போத்தல் நிறையப் புளியங்கொட்டை. பிரெஞ்சில் ஆண்பால் பெயர்ச்சொற்களை நீலத்திலும் பெண்பாலைச் சிவப்பிலும் முதல் நாளிலிருந்தே எழுதுங்கள். உயிரில்லாத மேசைக்கும் கதிரைக்கும் பால் பார்க்கிற பழக்கம் தமிழனுக்கு இல்லை, கண் வழியாகத்தான் அதை ஏற்ற வேண்டும்.

படி 2: காதைத் திறக்கும் விளையாட்டுகள்

எங்கள் ஆட்கள் பலர் பிரெஞ்சை ஆங்கிலம் வழியாகப் படிக்கிறார்கள். அது தேவையில்லாத சுற்றுப்பாதை. பிரெஞ்சு, ஸ்பானிஷ் இரண்டிலும் 'த' எங்கள் 'த' போலப் பல்லில் நாக்கைத் தொட்டு வருவது. மேசைக்குப் பிரெஞ்சில் 'தாப்ல்'; ஆங்கில நினைப்பில் 'டாபிள்' என்று தொடங்கினால் அங்கேயே பிழை. ஸ்பானிஷ்காரர் 'அமிகோ' என்னும்போது அந்தக் 'கோ', 'மகன்' என்பதில் வரும் 'க' போல மெத்தென்று இருக்கும். 'நாதா' என்பதில் உள்ள 'த', 'அது' என்பதில் வருகிற அதே 'த'. எஸ்பாஞா என்பதன் நடுவில் இருப்பது எங்கள் 'ஞ'வேதான். இதை முதல் வகுப்பில் சொல்லிவிட்டால் பிள்ளைகளுக்குப் பயம் பாதி போய்விடும்.

கரைச்சல் தருகிற ஒலிகளுக்கு 'எழும்பு–இரு' விளையாட்டு. பிரெஞ்சில் பாணுக்கான சொல்லும் குளிப்புக்கான சொல்லும் முதல் ஒலியில் மட்டும் வேறுபடும். முதலாவதைச் சொன்னால் எழும்ப வேண்டும், இரண்டாவதற்கு இருக்க வேண்டும். அடுத்தது மீனும் நஞ்சும்: நடுவில் 'ஸ்' அழுத்தமாக வந்தால் மீன், வண்டு இரைவதுபோல அதிர்ந்து வந்தால் நஞ்சு. பாஷையூரில் மீன் வாங்கப் போய் நஞ்சு கேட்டுவிடாதே என்று ஒரு பகிடி சொன்னால் அந்தச் சோடி மறக்காது. ஸ்பானிஷில் 'ஆனால்' என்பதும் 'நாய்' என்பதும் ஒரு 'ர'வின் உதறலில்தான் பிரிகின்றன. ஒருமுறை தட்டினால் ஆனால், நாக்கு உருண்டால் நாய்.

ஐந்து நிமிடம் கழித்து ஆசிரியர் இருந்துவிட வேண்டும், மாணவர் வந்து சொல்ல வேண்டும். அப்போதுதான் இது வாய்க்கான விளையாட்டு. அவர் சொன்னதற்கு வகுப்பில் பாதிப்பேர் எழும்பி மற்றவர்கள் இருந்தால், உச்சரிப்பு தெளிவில்லை என்று அவருக்கே விளங்கிவிடும். நீங்கள் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

பிரெஞ்சு 'யு' வராதவர்களுக்கு ஒரு சின்ன வழி: 'ஈ' என்று இழுத்துக்கொண்டே உதட்டை மட்டும் 'ஊ'வுக்குக் குவிக்கச் சொல்லுங்கள்.

படி 3: ஸ்பானிஷ் வகுப்பின் முதல் வேட்டை

பறங்கியர் 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து 1658இல் ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். அவர்கள் பேசியது போர்த்துக்கேயம், ஸ்பானிஷுக்குக் கிட்டிய சொந்தம். அதனால் எங்கள் வீடுகளுக்குள் ஸ்பானிஷ் சொற்கள் கொஞ்சம் ஏற்கெனவே கிடக்கின்றன. மேசை: மேசா. சப்பாத்து: சபாத்தோ. பாண்: பான். குசினி: கொசீனா. அலுமாரி: அர்மாரியோ. துவாய்: தொவாய்யா. பொத்தான்: பொத்தோன்.

ஒன்றையும் முன்கூட்டிச் சொல்லாதீர்கள். வகுப்பை இரண்டு அணியாக்கி, ஸ்பானிஷ் சொல்லை மட்டும் சத்தமாகச் சொல்லுங்கள். பொருளை முதலில் தொட்டு, சொல்லைத் திருப்பிச் சொன்ன அணிக்குப் புள்ளி. இல்லாத பொருளுக்குப் படம் ஒட்டலாம். கடைசியில் 'கதேரா' என்று சொல்லுங்கள், எல்லாரும் பாய்ந்து கதிரையைத் தொடுவார்கள். ஸ்பானிஷில் அது இடுப்பு; கதிரைக்குச் சொல் 'சீய்யா'. கிட்டிய சொந்தத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது என்று அந்த இடத்திலேயே பதியும்.

படி 4: எண்கள்

இதில் அவசரப்பட வேண்டாம். வெளிநாடு போனவர் முதல் வாரத்தில் தடுமாறுவது இலக்கணத்தில் அல்ல, தொலைபேசி இலக்கத்தில். பிரான்ஸில் பத்து இலக்க எண்ணை இரண்டிரண்டாகச் சேர்த்துத்தான் சொல்வார்கள். எழுபது அங்கே 'அறுபது-பத்து', எண்பது 'நாலு-இருபது', தொண்ணூறு 'நாலு-இருபது-பத்து'. ஒருவர் 97 சொல்லத் தொடங்கும்போது கேட்கிறவர் 4 என்று எழுதி, பிறகு 80 என்று வெட்டி, அதையும் வெட்டுவார்.

விளையாட்டு இப்படி: சோடியாக முதுகோடு முதுகு சாய்ந்து இருக்க வேண்டும். ஒருவர் கையில் கற்பனை இலக்கம் எழுதிய மட்டை (உண்மையான ஆட்களின் இலக்கம் வேண்டாம்). அவர் இரண்டிரண்டாக வாசிக்க, மற்றவர் எழுத வேண்டும். பிழைத்தால் 'இன்னொருக்கா' என்று பிரெஞ்சில் கேட்கலாம். மூன்று சோடி முடித்தவுடன் விளையாட்டை நிறுத்திவிடுங்கள், மற்றவர்கள் இன்னும் வேண்டும் என்று கேட்பார்கள்.

சுவிஸில் ஆட்கள் இருக்கும் மாணவருக்குத் தனி மட்டை தேவை. அங்கே எழுபது 'செப்தான்த்', தொண்ணூறு 'நோனான்த்'. லோசான் பக்கம் எண்பதுக்கும் 'உய்தான்த்' என்பார்கள். ஜெனீவாவில் பிரான்ஸ் மாதிரியே 'கத்ர வேன்'. சாப்பாட்டு நேரப் பெயர்களும் மாறும். பிரான்ஸில் 'தினே' என்றால் இரவுச் சாப்பாடு, சுவிஸிலும் கியூபெக்கிலும் மத்தியானச் சாப்பாடு. ஜெனீவா மாமி 'தினே'க்கு வரச் சொல்லி, இவர் இரவு போய் நின்றால் எப்படி இருக்கும்! அதையே ஒரு சிறு நாடகமாகப் போடச் சொல்லலாம்.

படி 5: நீ, நீர், நீங்கள்

பிரெஞ்சில் நெருங்கியவருக்குச் சொல்லும் 'த்யு'வுக்கும் மரியாதைக்குச் சொல்லும் 'வூ'வுக்கும் வித்தியாசம் விளங்கப்படுத்த யாழ்ப்பாணத்தானுக்கு அட்டவணை தேவையில்லை. இரண்டு படி அல்ல, மூன்று படி எங்களிடம் இருக்கிறது. கஷ்டம் வேறிடத்தில். அப்பா அம்மாவை 'நீங்கள்' என்று கூப்பிட்டு வளர்ந்த பிள்ளைக்கு, பிரெஞ்சுப் பிள்ளைகள் தாத்தாவையே 'த்யு' என்று கூப்பிடுவார்கள் என்றால் நெஞ்சு கேட்காது.

மட்டைகளில் ஆட்களை எழுதுங்கள்: பாட்டி, பாண் கடைக்காரர், வகுப்புத் தோழி, டொக்டர், பக்கத்து வீட்டு வயதானவர், மச்சான். ஒரு மட்டையை எடுத்து நெற்றியில் பிடிக்க வேண்டும், தன் மட்டையைத் தான் பார்க்கக்கூடாது. எதிரில் இருப்பவர் அந்த ஆளுக்கு ஏற்ற மாதிரிச் சுகம் விசாரிக்க, 'த்யு'வா 'வூ'வா என்பதை வைத்துத் தான் யார் என்று ஊகிக்க வேண்டும். ஸ்பானிஷில் 'தூ', 'உஸ்தேத்' வைத்து இதையே செய்யலாம்.

கன்னத்தில் முத்தமிடுவதுபோல நலம் விசாரிக்கும் 'பீஸ்' வழக்கத்தை விளக்குங்கள், செய்துகாட்டச் சொல்லாதீர்கள். ஆணும் பெண்ணுமாக இருக்கும் ரியூட்டரி வகுப்பில் அது வீண் சங்கடம். கை கொடுத்து 'பொன்ஜூர், மதாம்' (வணக்கம், அம்மா) என்று சொன்னாலும் எவரும் குறை சொல்லமாட்டார்கள் என்று தெரிந்தால் போதும்.

படி 6: கிளித்தட்டில் வினைச்சொல்

கிளித்தட்டைப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை என்பதே பெரிய இலாபம். முற்றத்தில் வழமைபோலக் கோடு கீறுங்கள். ஒவ்வொரு குறுக்குக் கோட்டிலும் நிற்பவருக்கு ஒரு பிரதிப்பெயர் கொடுங்கள்: நான், நீ, அவன், நாங்கள், நீங்கள், அவர்கள். ஓடுகிற அணிக்கு ஒரு வினைச்சொல், 'போ' என்று வைத்துக்கொள்வோம். கோட்டைக் கடக்க வருகிறவர், அந்தக் கோட்டின் பிரதிப்பெயருக்குரிய வடிவத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் மறிப்பவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பிரெஞ்சில் மூன்றுவரை எண்ண வேண்டும், அதற்குள் பாய்ந்துவிடலாம். பிழைத்தால் கை கட்டத் தேவையில்லை, எட்டித் தொடலாம். கிளிக்கு மட்டும் எந்தக் கட்டுப்பாடும் வேண்டாம். கிளி துரத்தாவிட்டால் அது கிளித்தட்டே இல்லை.

முதல் சுற்றில் ஆளுக்காள் கத்துவார்கள், வடிவங்கள் குழம்பும். விடுங்கள். இரண்டாம் சுற்றில் ஓரத்தில் நிற்பவர்களே திருத்தத் தொடங்குவார்கள், ஆட்டத்தில் புள்ளி போகிறதே! ஸ்பானிஷில் 'சேர்', 'எஸ்தார்' இரண்டும் 'இரு' என்பதற்குத்தான் வரும். அதற்குக் கோட்டில் நிற்பவர் ஒரு நிலையைத் தமிழில் சொல்வார்: களைப்பாக, மாணவனாக, வீட்டில், உயரமாக. ஓடுகிறவர் எந்த வினை என்று தெரிந்து சொல்ல வேண்டும்.

மத்தியான வெய்யிலில் வேண்டாம், பின்னேரம் நாலரைக்குப் பிறகு சரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் இதையே பலகையில் கீறி, புளியங்கொட்டையைக் காயாக வைத்து ஆடலாம். ஓட விரும்பாத பெரியவர்களும் வகுப்பில் இருப்பார்கள். அவர்களை நடுவராக்குங்கள், தீர்ப்பைப் பிரெஞ்சில் சொல்ல வேண்டிய கட்டாயத்தோடு.

படி 7: யாழ்ப்பாண லொத்தெரியா

மெக்சிக்கோவின் லொத்தெரியா பிங்கோவின் உறவு, ஆனால் எண்ணுக்குப் பதிலாகப் படம். 54 படமட்டைகள், ஆளுக்கு நாலுக்கு நாலு கட்டமுள்ள ஒரு பலகை. கூப்பிடுகிறவர் படத்தின் பெயரை நேரே சொல்லாமல் விடுகதையாகவோ பகிடியாகவோ சொல்வார். மற்றவர்கள் தங்கள் கட்டத்தில் வைப்பதற்கு அவரைக்கொட்டை வைத்திருப்பார்கள்; எங்களுக்குப் புளியங்கொட்டை.

18 பேர் ஆளுக்கு மூன்று மட்டை கீறினால் 54 வந்துவிடும். கடையில் அச்சடித்த படம் வேண்டாம். பனை, கிணறு, சைக்கிள், நல்லூர்க் கோபுரம், கருத்தக்கொழும்பான் மாம்பழம், நண்டு, மணிக்கூட்டுக் கோபுரம், வாழைக்குலை, கட்டுமரம். கீறியவரே விடுகதையும் எழுத வேண்டும், இரண்டு சின்ன வசனம் போதும். பனைக்கு 'நான் உயரம், எனக்குக் கிளை இல்லை'. நண்டுக்கு 'எனக்குப் பத்துக் கால், நான் பக்கவாட்டில் நடக்கிறேன்'. சோய் (நான் இன்னது), தெங்கோ (என்னிடம் இருக்கிறது) என்ற இரண்டு வினையை வைத்தே முக்கால்வாசி விடுகதை எழுதிவிடலாம். ஒருமுறை செய்த மட்டைக் கட்டு வருடக்கணக்கில் உழைக்கும். பிரெஞ்சு வகுப்புக்கும் அதையே எடுக்கலாம், விடுகதையை மட்டும் மாற்றினால் போதும்.

படி 8: பாண் கடையும் மெத்ரோவும்

இங்கே கடைக்குப் போனால், "அண்ணை, ஒரு றாத்தல் பாண் தாங்கோ" என்று நேரே விஷயத்துக்கு வருவோம். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை, 'அண்ணை'யிலேயே மரியாதை இருக்கிறது. பிரான்ஸில் 'பொன்ஜூர்' சொல்லாமல் கேட்டால் முகம் சுளிப்பார்கள். வகுப்பில் கடைக்காரராக இருப்பவருக்கு ஒரே உத்தரவு: 'பொன்ஜூர்' காதில் விழும்வரை உனக்குக் காது கேட்காது. வாங்குகிறவர் என்ன கத்தினாலும் அவர் மட்டையை அடுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். சிரிப்பு அடங்கியபின் விலை பேசுங்கள். றாத்தல் 450 கிராம், பகெத் என்கிற நீளப் பிரெஞ்சுப் பாண் சுமார் 250 கிராம். எதில் எத்தனை வாங்கினால் ஆறு பேருக்குக் காணும் என்று கணக்கும் பார்க்கலாம். பகெத் செய்யும் கலையும் அதைச் சுற்றிய வழக்கமும் 2022இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன என்பதை இடையில் சொல்லிவிடலாம்.

மெத்ரோவுக்கு, அதாவது பாரிஸின் நகர ரயிலுக்கு, நிலத்தில் சோக்கால் பாதை கீறுங்கள், முழுப் பாரிஸும் தேவையில்லை. தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பெல் பகுதியின் நிலையத்தில் நிற்கும் ஒருவர் லா கூர்நெவுக்குப் போக வேண்டும்: 2ஆம் பாதையில் நாசியோன் திசையில் ஏறி, அடுத்த நிலையமான ஸ்தாலின்கிராதில் இறங்கி, 7ஆம் பாதையில் லா கூர்நெவ் திசைக்கு மாற வேண்டும். 'எடுங்கள், இறங்குங்கள், மாறுங்கள்' என்ற மூன்று ஏவல் வினையும் இதற்குள் வந்துவிடும். கண்ணைக் கட்டியவரைத் தோழன் பிரெஞ்சில் மட்டும் வழிநடத்த வேண்டும்.

வீட்டுவேலையாக, அங்கே இருக்கும் சொந்தக்காரரிடம் கடையில் கேட்ட ஒரு வசனத்தை வட்ஸ்அப் குரலில் வாங்கிவரச் சொல்லலாம். ஆனால் எல்லாருக்கும் வெளிநாட்டில் ஆள் இருக்காது. இருக்கிறவர்களுக்குள்ளும் லா ஷப்பெலில் தமிழிலேயே காலம் தள்ளுகிறவர்கள் உண்டு. ஆகவே விரும்பியவர் செய்யட்டும், புள்ளி வேண்டாம்.

படி 9: வருடத்தோடு சேர்ந்து வருபவை

டிசம்பர் 31 இரவு, மாட்ரிட்டின் புவெர்த்தா தெல் சோல் மணிக்கூடு பன்னிரண்டு அடிக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் ஒரு திராட்சை விழுங்குவது ஸ்பெயின் வழக்கம். எங்கள் ஊரிலேயே திராட்சை விளைகிறது. தவணை விடுமுறைக்கு முந்திய வகுப்பில், ஆளுக்குப் பன்னிரண்டு பழம். ஒருவர் தாம்பாளத்தில் தட்ட, எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் பழம் வாய்க்குள் போக வேண்டும். பன்னிரண்டு, 'தோசே' என்று வரும்போது வகுப்பே தோசை கேட்கும். சின்னப் பிள்ளைகளுக்குப் பழத்தை நீளவாக்கில் வெட்டிக் கொடுங்கள், புரைக்கேறும்.

ஜனவரி 6ஐ ஒட்டிப் பிரான்ஸில் 'கலெத் தே ருவா': பணியாரத்துக்குள் ஒரு சின்னப் பொம்மை ஒளித்திருக்கும். வயதில் இளையவர் மேசைக்கு அடியில் இருந்து, எந்தத் துண்டு யாருக்கு என்று சொல்வார். பொம்மை கிடைத்தவர் ராசா. வகுப்பில் கேக்குக்குப் பதிலாக மட்டைத் துண்டுகளும் போதும்.

பெப்ரவரி 2 பிரான்ஸில் க்ரேப் நாள்; க்ரேப் என்பது தோசைபோல மெல்லிய பண்டம். 250 கிராம் மா, நான்கு முட்டை, அரை லீற்றர் பால், ஒரு சிட்டிகை உப்பு. செய்முறையை ஏவல் வினையில் ஒருவர் சொல்ல மற்றவர் செய்ய வேண்டும். அன்றைக்கு வெள்ளிக்கிழமையா, முட்டை சாப்பிடாதவர்கள் இருக்கிறார்களா என்று முதலே பாருங்கள். இருந்தால் தோசைக்கல்லில் தோசையைப் பிரட்டினாலும் வினைச்சொல் அதேதான். கையில் காசு பிடித்துக்கொண்டு பிரட்டினால் வருடம் முழுக்கப் பணம் சேரும் என்பது அங்கத்தைய நம்பிக்கை.

ஏப்ரல் 1க்குப் பிரெஞ்சுக்காரர் வழக்கமான கடதாசி மீன். தெரியாமல் முதுகில் ஒட்டிவிட்டு 'புவாசோன் தவ்ரில்!' (ஏப்ரல் மீன்) என்று கத்த வேண்டும். மீனில் ஒரு வசனம் எழுதியிருக்க வேண்டும், ஒட்டுப்பட்டவர் அதை வாசித்து யார் எழுதியது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

மெக்சிக்கோவின் இறந்தோர் நாள் நவம்பர் 1, 2இல் வரும். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்குக் கல்லறைத் திருநாள் தெரிந்திருப்பதால் பேச்சு இலகுவாகத் தொடங்கும். ஆனால் எலும்புக்கூட்டு முகமூடி, வேடிக்கை எல்லாம் இங்கே யோசித்துத்தான். போரில் ஆளை இழந்த வீடுகள், காணாமற்போனவரை இன்னும் தேடுகிற வீடுகள் உங்கள் வகுப்பில் இருக்கும். வண்ணக் கடதாசி வெட்டித் தோரணம் கட்டுவதோடு நான் நிறுத்திக்கொள்வேன். வீட்டில் இறந்தவரைப் பற்றி எழுதச் சொல்லவே மாட்டேன்.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் எதிர்ப்பக்கமான வேலைக்கு உகந்தவை. தேர், காவடி, கச்சான் கடை, ஐஸ்கிறீம் என்று ஒரு நிமிடக் குரல்பதிவு. பாரிஸில் பிறந்து தமிழ் தடுமாறும் மச்சாளுக்குப் பிரெஞ்சில் விளக்குவதாக நினைத்துப் பேச வேண்டும்.

படி 10: பிழையும் பெற்றோரும்

விளையாட்டுக்கு நடுவில் நிறுத்தித் திருத்தினால் ஆட்டமும் போகும், வாயும் மூடும். ஒரு துண்டில் குறித்துக்கொள்ளுங்கள். முடிவில் மூன்று பிழை வசனங்களைப் பெயர் சொல்லாமல் பலகையில் எழுதி, வகுப்பைக் கொண்டே திருத்துங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம்.

"விளையாடவா காசு கட்டி அனுப்பினோம்?" என்று ஒருவராவது கேட்பார். அவருக்கு டெல்ஃப் ஏ1 என்கிற பிரெஞ்சு மொழித் தகுதிப் பரீட்சையைக் காட்டுங்கள். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேச்சு என்று நான்கு பகுதி, ஒவ்வொன்றுக்கும் 25, மொத்தம் 100இல் 50 எடுத்தால் சித்தி, ஆனால் எந்தப் பகுதியிலும் 5க்குக் குறையக்கூடாது. பேச்சுப் பகுதியில் சொல் எழுதிய மட்டைகளை எடுத்துப் பரீட்சகரிடம் கேள்வி கேட்க வேண்டும். பிறகு கடையில் பொருள் வாங்குவதுபோல நடிக்க வேண்டும். எட்டாம் படியில் செய்த பாண் கடை அப்படியே அங்கே வருகிறது.

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கையில் லொத்தெரியா மட்டைகளைத் திரும்ப வெளியே எடுங்கள். ஆளுக்கு ஆறு மட்டை, ஒவ்வொன்றைப் பற்றியும் எதிரில் இருப்பவரிடம் ஒரு கேள்வி. மட்டையில் சைக்கிள் இருந்தால் 'உங்களிடம் சைக்கிள் இருக்கிறதா?', நண்டு இருந்தால் 'நண்டு சாப்பிடுவீர்களா?' இந்த முறை எல்லாரையும் 'வூ' போட்டுக் கேட்கப் பழக்குங்கள், எதிரில் இருப்பது மச்சானாக இருந்தாலும்.